பதினேழாம் தேதிக்குள்

ஒன்றும் செய்யாவிட்டால்
நானும் வாதி
என்கிறது கடிதம்.

கைதூக்க வேண்டாம், கையெழுத்து வேண்டாம்,
ரயில் பாதைக்கு வடக்கே
ஒரு வீடு இருந்தால் போதும்.
விலக நினைப்பவர்கள்தான்
படிவத்தை நிரப்பி
பதினேழாம் தேதிக்குள் தபாலில் சேர்க்க வேண்டும்.
மௌனம் சம்மதம் என்பதை
ஒரு நீதிமன்றம் முத்திரை குத்தி அனுப்பி
இப்போதுதான் பார்க்கிறேன்.

வழக்கின் பெயர்: பஸலாக்வா முதலானோர்.
ஜினேவ்ரா பஸலாக்வா
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்,
அவளுடைய பீட்ரூட் இலைகள் வெளுத்துப் போனதில் தொடங்கியது.
மீதி ஏழாயிரம் பேரும்
அந்த 'முதலானோ'ருக்குள் குடியிருக்கிறோம்.

ஏரிக்கரை நிக்கல் ஆலையில்
எனக்கு முப்பத்தோராண்டு.
அதில் பதினாறு இரவுப்பணி.
வடிகட்டிகளைத் தட்டி உதற
இரண்டு மணிக்கு மேல்தான் உத்தரவு வரும்.
ஊர் தூங்கும்.
நெம்புகோலை இழுப்பேன்.
தெற்கிலிருந்து ஏரிக்காற்று எடுத்துக்கொண்டு போகும்
வடக்கே.
வடக்கேதான் என் வீடு,
ஜன்னல் திறந்து
எர்ஷி தூங்கிக்கொண்டிருப்பாள்.

போன வருடம் ஒரு பெண் வந்தாள், எஃகுக் குழாயோடு.
என் புல்வெளியில் எட்டுத் துளை.
ஒவ்வொரு துளைக்கும் ஒரு பை, ஒரு எண்.
நாய் அவளுக்குப் பின்னாலேயே போய்
எட்டையும் முகர்ந்தது.
பத்து லட்சத்தில் நாலாயிரத்து இருநூறு பங்கு
என்று பதில் வந்தது.
ஆலைக்குள் ஒரு நாள்கூட
இவ்வளவு துல்லியமாக
யாரும் என்னிடம் பேசியதில்லை.

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூட்டம்.
நோயைப் பற்றிப் பேசாதீர்கள், என்றார் வக்கீல்.
இருமல் ஆளுக்கு ஆள் வேறு,
கோர்ட்டில் நிற்காது.
வீட்டு விலை இறங்கியது எல்லோருக்கும் பொது,
அதைப் பிடித்துக்கொள்வோம்.
அவர் சொல்லும்போதே
பின் வரிசையில் யாரோ இருமினார்கள்.
பொறுத்துப் பார்த்து
இன்னொரு முறையும்.

ஆலைக்காரர்களின் பதில் மனுவையும் படித்தேன்.
மண்ணில் ஒன்று சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்;
சேர்வது வேறு, சேதம் வேறு.
நல்ல வாக்கியம்.
சம்பளம் சேர்ந்ததும் அப்படித்தான்.

டோனட் கடையில் ஓய்வூதியக்காரர்களின் மேஜை.
வென்டெல் க்ரோஸ் முதல் நாளே விலகிவிட்டான்.
தின்ற உப்பு, என்றான்.
உப்பு மட்டுமா போட்டார்கள், என்றேன்.
அதற்குப் பிறகு
ஹாக்கியைப் பற்றிப் பேசினோம்.

கோடையில் லாரிகள் வந்தன.
ஓரடி ஆழத்துக்கு அள்ளிப்போய்
வேறு மண் கொட்டினார்கள்.
எங்கே எடுத்தது என்று கேட்டேன்,
ஓட்டுநருக்குத் தெரியவில்லை.
யாருடைய வயலோ.
மேப்பிளைச் சுற்றி மட்டும் தொடவில்லை.
வேர் அறுந்தால் மரம் போய்விடுமாம்.
அங்கே பழையது இருக்கிறது,
ஒரு வண்டிச் சக்கரம் அளவுக்கு.
அதன்மேல் நிற்கும்போது
வேலைக்கு நேரமாகிவிட்டது போல் இருக்கும்.

படிவத்தில் ஒரே ஒரு கேள்விதான் கஷ்டம்:
சொத்துக்கும் உங்களுக்கும் உள்ள தொடர்பு.
'உரிமையாளர்' என்று எழுதினேன்.
பக்கத்தில் இடம் மிச்சம் இருந்தது.

பதினாறாம் தேதி.
தபால் பெட்டிவரை நடந்தேன்.
ஐந்து மணிக்குத் திறக்க வந்த பையன்
மூட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டு
என் கையைப் பார்த்தான்.
நல்ல குளிர், என்றேன்.
ஆமாம், என்றான்.
வண்டி போயிற்று.

போட்டாச்சா, என்றாள் எர்ஷி
உள்ளேயிருந்து.
நான் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.
அடியில் மண்,
பழையதோ புதியதோ.
கதவுக்கு வெளியே நீட்டித் தட்டினேன்,
காற்று எந்தப் பக்கம் என்று
முதலில் பார்த்துக்கொண்டு.